வாய் என்னுடையது, குரல் யாருடையது?

போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெலுங்குத் தொலைக்காட்சி ஒன்றில் நான் நடித்த படத்தைப் போட்டார்கள். அதில் நான் வருவது மொத்தம் இரண்டே காட்சிகள். முதல் காட்சியில் மீன் ஏலம் விடுகிறவனாக நான்கு வரி பேசுவேன். இரண்டாவது காட்சியில் அடிவாங்கிக்கொண்டு படகின் மேல் விழுவேன். அம்மா சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் என் வாய் அசைந்தது, ஆனால் வந்த குரல் என்னுடையதாக இல்லை. அம்மா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "நோரு நீதே, கொந்து எவரிதிரா?" என்றார். வாய் உன்னுடையதுதான், குரல் யாருடையதடா என்று கேட்கிறார். எட்டு ஆண்டுகளாகச் சினிமாவில் தலைகாட்டிக்கொண்டிருக்கும் நான் அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியாமல், "டப்பிங், அம்மா" என்று முனகிவிட்டு மோர் எடுக்க எழுந்து போய்விட்டேன்.

தொழிலால் நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியர். மணலிப் பக்கம் உள்ள ஒரு ரசாயன ஆலையில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். குழாய்களுக்குள்ளும் கலன்களுக்குள்ளும் இருக்கும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் மட்டத்தையும் அளந்து கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லும் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வீடு தண்டையார்பேட்டையில். வேலை போக மீதி நேரத்தில் தமிழிலும் தெலுங்கிலும் சிறு வேடங்கள், இந்தியில் இரண்டு விளம்பரங்கள், ஒரு மலையாளப் படத்தில் லாரி ஓட்டுநர் என்று ஏதோ வந்துகொண்டிருக்கின்றன. இதைக் கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "ரெண்டையும் எப்படி சார் சமாளிக்கிறீங்க?" என்பதுதான். நேரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, இத்தனை நாளும் ஷிப்ட் கணக்கையும் விடுப்புக் கணக்கையும் ஒப்பித்து வந்தேன். அம்மா கேட்ட பிறகுதான், எனக்கு நேரம் பெரிய சிக்கலாக இருந்ததே இல்லை என்பதும், சிக்கலெல்லாம் என் தாடையிலும் தொண்டையிலும்தான் இருந்தது என்பதும் உறைத்தது.

தொண்டையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தா நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்து பெரம்பூர் பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் சேர்ந்தவர். அதனால் வீட்டுக்குள் தெலுங்கு. வாசற்படி தாண்டினால் தமிழ். அப்பா பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்தார். அங்கே அவருக்கு மேலே இருந்த ஆங்கிலோ இந்தியச் சார்ஜ்மேன்களிடமிருந்து கற்றுக்கொண்ட ஆங்கிலத்தை, கோபம் வந்தால் மட்டும் எங்கள் மேல் பிரயோகிப்பார். இந்தியை நான் பள்ளியில் படிக்கவில்லை. பத்தாம் வகுப்புக் கோடை விடுமுறையில் மிண்ட் தெருவில் ஒரு எவர்சில்வர் மொத்த வியாபாரக் கடையில் பில் எழுத உட்கார்ந்தபோது காதில் விழுந்த இந்திதான் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

அந்தக் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கற்ற நடிப்பின் முதல் பாடம் அங்கேதான் நடந்தது. முதலாளி தமக்குத் தாமே கணக்குப் போடும்போது மார்வாடியில் முணுமுணுப்பார். என்னிடம் இந்தியில் பேசுவார். சரக்கெடுக்க வரும் நெல்லூர், கூடூர் வியாபாரிகளிடம் தெலுங்கில் விலை சொல்வார். வாசலில் நிற்கும் மீன்பாடி வண்டிக்காரரிடம் கூலி பேசும்போது அவர் வாயிலிருந்து வரும் தமிழ், ராயபுரத்தில் பிறந்தவனுக்கும் வராது. மொழி மாறும்போதெல்லாம் அவருடைய உட்காரும் விதம் மாறும் என்பதை மூன்றாம் வாரத்தில் கவனித்தேன். மார்வாடியில் முதுகு வளைந்திருக்கும், தெலுங்கில் நிமிர்ந்து தலையணையில் சாய்ந்துகொள்வார், மெட்ராஸ் பாஷைக்கு மட்டும் இரண்டு கைகளும் மேலே எழும். ஒரே மனிதர், ஒரே திண்டு, நான்கு உடம்புகள். பிற்காலத்தில் ஒரு நடிப்புப் பயிற்சி முகாமில் ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டி, 'குரலை மாற்றாதே, உடம்பை மாற்று, குரல் தானாக மாறும்' என்று கேட்டபோது எனக்கு அந்தச் சேட்டின் முதுகுதான் நினைவுக்கு வந்தது.

மெட்ராஸ் பாஷை என்று உலகம் கேலி செய்வதும் இதே கலப்பின் இன்னொரு வடிவம்தான். நாஸ்தாவும் பேஜாரும் கலீஜும் உஷாரும் உருதுவழி வந்தவை, நைனா தெலுங்கு, துட்டு டச்சுக்காரர்களின் காசிலிருந்து வந்தது, கஸ்மாலமோ சுத்தமான சமஸ்கிருதம். துறைமுகமும் ரயிலும் ஆலையும் பேட்டையும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டிருக்கும் இடத்தில் வேறு எப்படிப் பேச முடியும்? இதில் வேடிக்கை என்னவென்றால், திரையில் இந்தப் பேச்சை மக்கள் மனத்தில் நிலைநிறுத்தியவர்களில் முதலிடம் பெறும் ஜே.பி. சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்தவர். காது இருந்தால் போதும், பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

தமிழ் பேசும் படம் பிறந்ததும் இந்தக் கலவைக்குள்தான். 1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' படத்தில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். சிலர் இந்தியில் பேசினார்கள். அதன் படச்சுருள் சென்ட்ரல் நிலையத்தில் வந்து இறங்கியபோது, தேங்காய் உடைத்து, பூத்தூவி, வால்டாக்ஸ் சாலை வழியாகக் கூட்டம் பின்தொடர, கினிமா சென்ட்ரல் அரங்கிற்குப் பெட்டியை எடுத்துச் சென்றார்கள் என்று படித்திருக்கிறேன். நான் பில் எழுதிய கடைக்கும் வால்டாக்ஸ் சாலைக்கும் கூப்பிடு தூரம்தான். அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், ஒருவர் தமிழில் கேட்க மற்றவர் தெலுங்கில் பதில் சொல்வதைக் கண்டு குழம்பினார்களா என்று எனக்குச் சில சமயம் தோன்றும். எங்கள் பகுதிக்காரர்கள் குழம்பியிருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் தினமும் நடப்பதுதான் அது.

சினிமாவுக்கு வந்த வழியில் சொல்லிக்கொள்ளும்படியாக ஒன்றுமில்லை. உடன் வேலை செய்கிறவரின் மகன் குறும்படம் எடுத்தான், ஆள் கிடைக்காமல் என்னை நிறுத்தினான், அதைப் பார்த்த ஒரு கோ-டைரக்டர் கூப்பிட்டார். வேலையில் இருந்துகொண்டே நடிக்க வந்தவர்கள் இங்கே புதிதும் இல்லை. நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தா. கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் என்ற அரசுக் கணக்கு அலுவலகத்தில் ஊழியர். பூர்ணம் விஸ்வநாதன் அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்தவர். டெல்லி கணேஷ் விமானப் படையில் பத்து ஆண்டுகள் இருந்தவர். கிரேசி மோகன் கிண்டியில் இயந்திரவியல் படித்த இன்ஜினியர். தெலுங்குப் பக்கம் எஸ்.வி. ரங்காராவ் தீயணைப்புத் துறை அதிகாரி. ஆனால் தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள பலர் மாலை ஐந்து மணிக்குக் கோப்பை மூடிவிட்டுச் சபா நாடகத்துக்கு ஓடியவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எனக்கு மாலை ஐந்து மணி என்ற ஒன்றே கிடையாது. காலை 6 மணி ஷிப்ட், மதியம் 2 மணி ஷிப்ட், இரவு 10 மணி ஷிப்ட் என்று வாரம் உருண்டுகொண்டே இருக்கும். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, கொடியில் காயும் வெள்ளை வேட்டியைப் பின்னால் திரையாக விட்டு, வேடத் தேர்வுக்காக நானே நடித்துக் காட்டும் செல்ஃப் டேப்பைச் செல்போனில் எடுத்து அனுப்புவதுதான் எங்கள் தலைமுறையின் சபா. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரச் சொன்னவர்கள் உண்டு. மாதம் பிறந்தால் சம்பளம், அம்மாவுக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு, பிடித்தம் போக பி.எஃப். இவற்றை வைத்துக்கொண்டு நடிக்கும்போது எனக்கு வேடம் பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வருகிறது. அந்த வாயை விற்க எனக்கு மனமில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, அதில் நான் ஒரு நோட்டுப் புத்தகத்துக்குக் கடன்பட்டிருக்கிறேன். சட்டக் கணக்கில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு. எங்கள் ஆலையில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இது கல்யாணம் காட்சிக்கும் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கும் சரியாகப் போய்விடும். படப்பிடிப்புக்கு நான் நம்புவது ஷிப்ட் மாற்றத்தை. என் குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். தூத்துக்குடிக்காரர் என்பதால் எல்லோருக்கும் அண்ணாச்சி. யார் யாருக்கு எத்தனை ஷிப்ட் செய்து கொடுத்தார்கள் என்பதை நீல அட்டை நோட்டில் அவர்தான் எழுதி வைக்கிறார். என் பெயருக்கு நேரே எப்போதும் பற்று ஏறிக்கொண்டே போகும். பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ் இரவு ஷிப்டுகளை நான் செய்து அதைக் கழிப்பேன். கடந்த ஐந்து தீபாவளியிலும் என் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்தபோது நான் கன்ட்ரோல் ரூமில் இருந்தேன். ஆண்டுக்கொரு முறை ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் நாட்களில் அண்ணாச்சியின் நோட்டும் செல்லாது. அப்போது யாருக்கும் எதுவும் கிடையாது.

அனுமதி விஷயம் சுருக்கமானது. வெளியில் வேறு வேலை செய்யக் கூடாது என்று நியமனக் கடிதத்தில் ஒரு வரி இருந்ததால் எழுதிக் கேட்டேன். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளே, கலை இலக்கிய வேலையை எப்போதாவது செய்ய முன் அனுமதி கேட்கத் தேவையில்லை என்கின்றன என்று மனிதவள மேலாளரிடம் அச்சடித்துக் காட்டினேன். "நாம கவர்ன்மென்ட் இல்லையே சார்" என்று சொல்லிவிட்டு, வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். ஆறு வாரம் கழித்து, ஆலையின் பெயரை எங்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு கடிதம் வந்தது. சினிமாக்காரர்கள் கொடுக்கும் பணத்தில் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு கொடுப்பதையும், அதற்குப் பிறகு சம்பளக்காரர்களுக்கான எளிய படிவத்தில் கணக்குக் காட்ட முடியாது என்பதையும் ஒரு ஆடிட்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். பணமே தராமல் போன கம்பெனிகள் இரண்டு. அவர்களிடம் வரிப் பிரச்சினையே இல்லை.

இனித் தாடை. எங்கள் ஆலையில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருக்கக்கூடிய பகுதிகள் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது. காற்றில் பத்து லட்சத்தில் 10 பங்கு இருந்தாலே எங்கள் சட்டைப்பையில் உள்ள கருவி கத்தத் தொடங்கும். 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைகிறவன்தான் விழுவான். அதனால் அங்கே போகிற எவரும் காற்றுச் சிலிண்டரோடு கூடிய முகமூடியை எந்த நேரமும் மாட்டிக்கொள்ளும் நிலையில் இருக்க வேண்டும். அந்த முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் காற்று கசியாது. நடுவில் இரண்டு நாள் முடி இருந்தாலும் கசியும். ஆகவே வாசலில் ஃபயர் அண்டு சேஃப்டி ஆள் எங்கள் தாடையைப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் புறங்கையால் தடவியே பார்ப்பார். அங்கே விவாதத்துக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

இந்த நிலையில்தான் அந்த மீன் ஏலக்காரர் வேடம் வந்தது. மூன்று வாரத் தாடி வேண்டும் என்றார்கள். அந்தச் சமயம் எனக்குக் கன்ட்ரோல் ரூமுக்குள்ளேயே வேலை இருந்ததால், மேலதிகாரியிடம் சொல்லி, அந்தப் பகுதிகளுக்குப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்து வளர்த்துவிட்டேன். காசிமேட்டில் விடியற்காலை மூன்றரை மணிக்கு நிஜமான ஏலத்தின் நடுவே முதல் நாள் எடுத்தார்கள். காட்சி பாதியில் நின்றது. மறுநாள் மழை. அதற்கடுத்து நாயகனின் கால்ஷீட் இல்லை. ஐந்து வாரம் கழித்து மீதியை எடுக்கக் கூப்பிட்டபோது ஷட்டவுன் முடிந்து என் முகம் எவர்சில்வர் தட்டைப் போலப் பளபளவென்று இருந்தது. மேக்கப் மேன் ஒன்றும் சொல்லாமல் ஸ்பிரிட் கம் தடவி, முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டினார். ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்து, வசனம் பேசும்போதெல்லாம் வலது காதுக்குக் கீழே ஒரு ஓரம் பெயர்ந்து எழுந்தது. கன்டினியூட்டி பார்க்கும் பெண் ஐந்து வாரத்துக்கு முந்தைய என் படத்தைச் செல்போனில் பெரிதாக்கி என் முகத்தருகே வைத்துவைத்துப் பார்த்தாள். அவள் தங்கச்சி வயதுதான். "அண்ணே, தலையைத் திருப்பாம பேசுங்க" என்று கெஞ்சினாள். இன்றைக்கும் அந்தக் காட்சியில் நான் இடமிருந்து நடந்துவரும்போது இருப்பது என் தாடி, ஐஸ் பெட்டியைத் தாண்டியதும் இருப்பது ஸ்பிரிட் கம். வேறு யாருக்கும் தெரியாது; எனக்கு மட்டும் ஐஸ் பெட்டி நெருங்கும்போதே வயிற்றைக் கலக்கும். அதற்குப் பிறகு 35 நாள் வேலையுள்ள ஒரு நல்ல வேடம், முழுத் தாடியோடு, வந்தது. வேண்டாம் என்றேன். முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய் ஒரு மனிதரைத் தூக்கி வர வேண்டிய குழுவில் என் பெயரும் இருக்கிறது.

ஆலை எனக்குக் கொடுத்ததும் உண்டு. பின்னி மில் 1996-இல் மூடப்பட்ட பிறகு அந்த வளாகத்தில் வெகுநாள் படப்பிடிப்புகள் நடந்தன. என் முதல் பெரிய படப்பிடிப்பும் அங்கேதான். தாத்தா தறி ஓட்டிய இடத்தில், வில்லனுக்குப் பின்னால் வசனமே இல்லாமல் கைகட்டி நிற்கும் வேடம். "சும்மா நில்லுங்க, போதும்" என்று சொல்லியிருந்தார்கள். சும்மாதான் நின்றேன். நாலாவது டேக்கில் மானிட்டர் பக்கமிருந்து மைக்கில், "பின்னால செத்த மாதிரி நிக்கிறவரை மாத்துங்கப்பா" என்று குரல் வந்தது. எங்கள் கருவிகள் அளவை மின்னோட்டமாக அனுப்பும்போது, 0 சதவீதத்துக்கு 4 மில்லிஆம்பியர், 100 சதவீதத்துக்கு 20 மில்லிஆம்பியர் என்று வைத்திருப்பார்கள். பூஜ்யத்துக்குப் பூஜ்யமே அனுப்பக் கூடாதா என்று புதிதாக வருகிற பயிற்சியாளர்கள் எல்லோரும் கேட்பார்கள். கூடாது, தொட்டி காலியாக இருக்கிறதா, கம்பி அறுந்துவிட்டதா என்று பிறகு தெரியாமல் போய்விடும். வேலை ஒன்றும் இல்லாதபோதும் அந்த நாலு மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் கருவி உயிரோடு இருக்கிறது என்று பொருள். அடுத்த டேக்கில் நான் எதுவும் புதிதாகச் செய்யவில்லை. வில்லன் பேசுவதை நிஜமாகவே காது கொடுத்துக் கேட்டேன், அவ்வளவுதான். என்னை மாற்றவில்லை. இதை ஒரு பேட்டியில் சொன்னால் பெரிய தத்துவம் போலத் தெரியும் என்பதால் இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

மனக்குறை ஒன்றும் உண்டு. ஐந்து மொழி தெரிந்தவன், இன்ஜினியர் என்றெல்லாம் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துவார்கள். எந்த ஊர் என்று கேட்டு, தண்டையார்பேட்டை என்ற பதில் வந்ததும் கேட்டவரின் முகத்தில் ஒரு அரிவாள் தோன்றிவிடும். எட்டு ஆண்டுகளில் தமிழில் எனக்கு வந்த வேடங்களில் பாதிக்கு மேல் அடியாள், கஞ்சா விற்பவன், அல்லது அவர்களுக்குத் தகவல் சொல்பவன். எங்கள் தெருவில் துறைமுக ஊழியர்கள் இருக்கிறார்கள், இரண்டு செவிலியர்கள் இருக்கிறார்கள், ரயில் பெட்டி வடிவமைக்கும் ஐ.சி.எஃப். ஆள் இருக்கிறார், கேரம் பலகையில் மாநில அளவில் ஆடிய பெண் இருக்கிறாள். இவர்கள் யாரும் எனக்கு வேடமாக வந்ததே இல்லை. ஒருமுறை ஒரு உதவி இயக்குநர், கொங்குப் பக்கத்துத் தம்பி, என் வசனத்தை மூன்று முறை நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் லோக்கலா பேசுங்க சார், நார்த் மெட்ராஸ் ஃபீல் வரலை" என்றான். நான் பிறந்து வளர்ந்து பேசிய பேச்சு அது. அவன் கேட்பது வேறு படங்களில் கேட்ட பேச்சை. கொடுத்தேன். சம்பளம் அதற்குத்தானே.

இப்போது அந்தத் தெலுங்குக் குரலுக்கு வருகிறேன். அந்தப் படம் இரு மொழிப் படம் என்று அறிவிக்கப்பட்டது. நாயகனும் நாயகியும் பேசும் காட்சிகளை ஒருமுறை தமிழில், அதே விளக்கில் மறுபடி ஒருமுறை தெலுங்கில் எடுத்தார்கள். எங்களைப் போன்ற சில்லறை வேடங்களுக்குத் தமிழில் மட்டும் எடுத்துவிட்டு, தெலுங்குக்கு டப்பிங். தமிழ் டப்பிங்கை சாலிகிராமத்தில் நானே பேசினேன். இரவு ஷிப்ட் முடித்து, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, வடபழனியில் இறங்கிப் போனேன். 2021 பிப்ரவரியில் எங்கள் பக்கம் மெட்ரோ வருவதற்கு முன்பு இதே பயணம் இரண்டு பேருந்தும் ஒரு ஷேர் ஆட்டோவும் மனத்தாங்கலும். வசனத்தை ரயிலிலேயே முணுமுணுத்துப் பழகுவேன். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டால் பைத்தியம் என்று யாரும் நினைப்பதில்லை.

டப்பிங் தியேட்டரில் முதலில் நிற்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு துண்டு வசனத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பேசவைப்பதை அங்கே லூப் என்பார்கள். ஆலையில் ஒரு கருவியிலிருந்து கன்ட்ரோல் ரூம்வரை உள்ள சுற்றை நாங்களும் லூப் என்றுதான் சொல்வோம். லூப் செக் செய்துதான் ஒப்படைப்போம். அங்கேயும் இங்கேயும் வேலை ஒன்றே: அந்த முனையில் நடப்பது இந்த முனையில் அப்படியே வருகிறதா என்று பார்ப்பது. தெலுங்கையும் நானே பேசிவிடுகிறேன், அது என் தாய்மொழி என்று அன்றைக்கே சொன்னேன். தெலுங்கு வசனம் எழுதியவர் என்னை ஒரு வரி சொல்லச் சொன்னார். அவன் வந்தான் என்பதை எங்கள் வீட்டில் சொல்வதைப் போல "வச்சினாடு" என்றேன். அவர் சிரிக்கவில்லை, மரியாதையாகவே சொன்னார்: "சார், அது மெட்ராஸ் தெலுங்கு. கதை வைசாகில் நடக்குது. அங்கே வச்சாடு."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தவறில்லை என்பதை ரயில் மாறும்போது ஒப்புக்கொண்டேன். கொங்குத் தம்பி என் தமிழைக் குறை சொன்னதும் இவர் என் தெலுங்கைக் குறை சொன்னதும் ஒன்றல்ல. அவன் பொய்யைக் கேட்டான், இவர் உண்மையைக் கேட்டார். என் வாய்க்குக் குரல் கொடுத்த அந்த முகம் தெரியாத கலைஞரின் வேலையைப் பிற்பாடு பலமுறை ஓட்டிப் பார்த்தேன். தமிழில் என் வரி "பணம்" என்று முடிகிறது. உதடு மூடி நிற்கிறது. தெலுங்கில் அதற்குச் சமமான டப்புவில் உதடு நடுவிலேயே மூடிக் கடைசியில் திறந்துவிடும். தெலுங்கில் பெரும்பாலான சொற்கள் உயிரெழுத்தில் முடிகிறவை, வாய் மூடி முடிக்க இடமே கொடுக்காது. அவர் என்ன செய்திருக்கிறார் என்றால், வரியைத் திருப்பிப் போட்டு, டப்பு என்பதை ஒரு நொடி முன்னால் கொண்டுவந்து, என் உதடு கடைசியாக மூடும் இடத்தில் ஒரு சின்ன "ம்" என்ற உறுமலைப் போட்டு முடித்திருக்கிறார். எழுத்தில் இல்லாத உறுமல். ஏலக்காரன் பணத்தை எண்ணிக்கொண்டே உறுமுகிறான் என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். நான் நடிக்காத ஒன்றை நான் நடித்ததாகக் காட்டிவிட்டார். அம்மாவுக்கு இதை விளக்க முயன்றேன். அவருக்கு அந்த உறுமலும் பிடிக்கவில்லை.

அடுத்த தெலுங்கு வாய்ப்பு வந்தபோது, குரலும் என்னுடையதாக இருந்தால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். சிறு நடிகன் இப்படி நிபந்தனை போடுவது வழக்கமில்லை; மாதச் சம்பளம் கொடுத்த வாய் அது. ஒப்புக்கொண்டார்கள். மூன்று வாரம் விஜயவாடாக்காரர் ஒருவரோடு தினமும் அரை மணி நேரம் தொலைபேசியில் பேசிப் பழகினேன். வச்சினாடுவை விட்டேன், செப்பினாவுவை விட்டேன், கேள்விக் கடைசியில் தமிழ் போல இழுப்பதை விட்டேன். ஐந்து வரிக்கு டப்பிங்கில் இரண்டு மணி நேரம் ஆனது. ஆறு மாதம் கழித்து அதுவும் தொலைக்காட்சிக்கு வந்தது. அம்மாவை நானே கூப்பிட்டு உட்காரவைத்தேன். காட்சி வந்தது, நான் பேசினேன், ஒரு இடத்திலும் சறுக்கவில்லை. அம்மா கடைசிவரை பார்த்துவிட்டு, "இப்புடு கொந்து நீதே" என்றார். குரல் இப்போது உன்னுடையதுதான். நான் சிரிக்கத் தொடங்கும்போது மீதியையும் சொன்னார்: "மாட்ட மனதி காது." பேச்சு நம்முடையது இல்லை.

சொல்லிவிட்டுத் தமிழ் சீரியலுக்கு மாற்றச் சொன்னார். மாற்றிக் கொடுத்தேன். எனக்கு அன்றைக்கு 10 மணி ஷிப்ட். சாப்பிட்டுவிட்டு, முகத்தை மழித்துக்கொண்டு கிளம்பினேன்.